நீலம் பூசிய பீப்பாய்

போன வாரம் நவமணியைக் குகைக் கோயில் வாசலில் பஸ்ஸுக்கு நிற்க வைத்துவிட்டுக் கதையை அங்கேயே நிறுத்தி நான் பாட்டுக்குப் போய்விட்டேன். மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது. பிள்ளை கையில் இருந்த ஆர்டர் சீட்டு நனைந்திருக்குமோ என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொண்டிருக்கும். நனையவில்லை. சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குடையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முதுகு முழுக்க நனைந்து வீடு வந்து சேர்ந்தாள்.

சீட்டில் இருந்ததை மட்டும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். சீனர்களின் ஒன்பது நாள் விரதம் வருகிறது. ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைக் குகைக்குள் இருக்கும் அந்தக் கோயிலில் ஒன்பது நாளும் வருகிறவர்களுக்கெல்லாம் சைவச் சாப்பாடு. நாளுக்கு அறுபது கிலோ காய்கறி வேண்டும். அதுவும் மருந்து அடிக்காத காய்கறி. எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று விரதம் எடுத்துவிட்டு, புழுவை விஷம் வைத்துக் கொன்று விளைத்த கீரையைத் தட்டில் போடலாமா என்பது சமையற்கட்டுத் தலைவி சூங்கின் கேள்வி. ஒன்பது நாளும் ஒழுங்காக நடந்தால் வருஷம் முழுக்க நவமணி வீட்டுக் காய்தான் வாங்குவேன் என்று சொல்லியிருந்தாள்.

நடக்காவிட்டால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். கோப்பேங் பாசாரில், அதாவது சந்தையில், ஓட்டை விழுந்த சாவி என்னும் சீனக் கடுகுக் கீரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணெய்ப்பனைக் கன்ட்ராக்டர் பழனியப்பன் வீடு தேடி வந்து, புல் மருந்து அடிக்க ஆள் வேண்டும், மங்களம் அக்காவுக்குக் கை பழகிய வேலைதானே, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கை பழகிய வேலைதான். நவமணியின் அம்மா மங்களம், ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படும் வரைக்கும் பதினோரு வருஷம் முதுகில் மருந்து டின்னைச் சுமந்தவள். டின் ஒழுகி முதுகில் வழியும். மாலையில் குளித்தால் தண்ணீர் படும் இடமெல்லாம் எரியும். கை நகங்கள் மூன்று தரம் விழுந்து முளைத்தன. அந்தத் தோட்டத்திலேயே பள்ளமாகக் கிடந்த மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த மண்ணில் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது.

கமுந்திங் தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்த நவமணி அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வியாபாரமே தொடங்கினாள்.

சூங் நேரில் வந்து பாத்திகளைப் பார்க்கப்போகும் நாளில்தான் கதை தொடர்கிறது. விரதம் தொடங்க இன்னும் மூன்றே நாள்.

*

வெயில் ஏறுமுன் மங்களம் பால் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு புழு பொறுக்கப் போனாள். அது அவளுடைய தினசரி வேலை. ஒவ்வொரு இலையாகத் திருப்பி, பச்சைப் புழுவை விரலால் எடுத்து டின்னில் போட்டு, கடைசியில் கோழிகளுக்குக் கொட்டுவாள்.

மேற்குப் பாத்திகள் முடிந்தன. கிழக்குப் பாத்திக்கு வந்து முதல் சாவி இலையைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

இலையின் ஓரம் முழுக்க மஞ்சள். நெருப்புக்குக் கிட்டே பிடித்த காகிதம் போல நுனி சுருண்டிருந்தது. பக்கத்துச் செடியும் அப்படியே. முந்தாநாள் இந்தப் பாத்திதான் தோட்டத்திலேயே கொழுகொழுவென்று இருந்தது. அதனால்தான் கோயிலுக்கு அனுப்பிய மாதிரிக் கூடைக்கு இதிலிருந்தே பறித்தாள்.

சாணித் தண்ணீரைக் கட்டியாக ஊற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். மாட்டுச் சாணி, கோமியம், கடலைப் புண்ணாக்கு எல்லாம் போட்டு ஊற வைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவது சன்னாசியின் பொறுப்பு. சன்னாசி அவள் கணவர். கை தாராளமான மனிதர். குழம்புக்கு உப்புப் போட்டாலும் அப்படித்தான்.

பாத்தியின் தலைமாட்டில் சாணித் தண்ணீர் ஊறும் பீப்பாய் நின்றது. பழைய மண்தாழி உடைந்துபோனதால் இரண்டு மாசத்துக்கு முன் தோட்டத்துப் பழைய ஸ்டோரிலிருந்து சன்னாசி உருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்துக் கோயில் கேட்டுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்டைப் பூசி அழகாக வைத்திருந்தார். கோமியம் தெறித்துத் தெறித்து அடிப்பக்கத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

மங்களம் குனிந்து அந்தக் கொப்பளத்தை விரலால் கிள்ளினாள். நீலம் உரிந்து வந்தது. உள்ளே சிவப்பு.

இன்னும் கொஞ்சம் உரித்தாள். சிவப்பு நீண்டுகொண்டே போனது. நான்கு விரல் அகலத்துக்கு, பீப்பாயைச் சுற்றி ஒரு பட்டை.

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மங்களத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளோடு மருந்து அடித்த பெண்கள் யாருக்கும் தெரியாது. ஒரு தரம் ஒருத்தி மண்ணெண்ணெய் என்று நினைத்து மருந்தை அடுப்பில் ஊற்றப் போன பிறகு, தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி ஒரு ஏற்பாடு செய்தார். புல் மருந்து வரும் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் அடியில் நான்கு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. இதைக் கண்டால் தொடாதே, இதில் வந்ததைக் குடிக்காதே. அந்தத் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான்.

அந்த எழுத்தின் மேல்தான் நீலம் பூசியிருந்தது.

*

நவமணி வந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சூங் வருகிறாள் என்று சன்னாசி புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"இது எங்கே உள்ள டிரம்மு?" என்று மங்களம் கேட்டாள்.

"பழைய ஸ்டோர இடிச்சாங்கல்ல, அப்ப எடுத்தது. ஒங்கிட்ட சொன்னேனே."

"ஸ்டோருல எடுத்ததுன்னு சொன்னீங்க. என்ன டிரம்முன்னு சொல்லல."

சன்னாசி உரிந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிறையப் பேச ஆரம்பித்தார். மணலும் சோப்பும் போட்டு மூன்று தரம் தேய்த்ததைச் சொன்னார். ஒரு மாசம் வெயிலில் கவிழ்த்துப் போட்டு வைத்ததைச் சொன்னார். தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில் இந்த டிரம்மு இல்லை, மழைத் தண்ணீர் பிடித்துக் குளிக்கவில்லையா, நீயும்தானே குளித்தாய், நவமணியைக் குளிப்பாட்டியதும் இதில்தானே என்று கேட்டார். எல்லாம் உண்மை. சிவப்புப் பட்டை அடித்த காலி டிரம்முகளைத் தோட்டத்து ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டுதான் வாங்கினார்கள். வெட்டுக்கத்தியும் ரப்பர்ப் பால்வாளியும் போல அது எல்லார் வீட்டிலும் இருந்த சாமான். இலை கருகியது கோமியம் கூடிப்போனதால்தான், டிரம்மினால் இல்லை என்றும் சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியாது.

மங்களம் அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அப்ப எதுக்கு பெயிண்டு அடிச்சீங்க?"

சன்னாசி படிய வாரிய தலையைத் தடவிக்கொண்டார்.

"நீ பாத்தா தூக்கிப் போட்டுருவேன்னுதான்."

 அதற்குமேல் நவமணிதான் கேட்டாள். எந்தெந்தப் பாத்தி, எத்தனை தரம் என்று. கிழக்கில் நான்கு பாத்தி, இரண்டு தரம் என்றார் சன்னாசி. கொஞ்சம் யோசித்துவிட்டு, நான்காவது பாத்திக்கு ஒரு தரம்தானோ என்னமோ என்றார்.

"முந்தாநாள் கூடை?" என்று நவமணி அம்மாவைப் பார்த்தாள்.

மங்களம் கிழக்குப் பாத்தியைக் கையால் காட்டினாள். இந்தச் சாவியும் அடுத்த பாத்திக் கீரையும்.

கமுந்திங்கில் ஏழு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் நவமணி. ஒரு தையல் பிசகினால் முழுச் சட்டையையும் பிரிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சூப்பர்வைசர் வருவதற்குள் பிரித்து மறைத்துவிட்டால் பிசகே நடக்காத மாதிரி என்பதும் தெரியும். மணி எட்டரை. சூங் வருவது பத்து மணிக்கு.

"புடுங்கிப் போட்டுருவோம்" என்றாள். "நாலு பாத்தியும். அப்பா, டிரம்ம அந்த ரப்பர் மரத்துக்குப் பின்னால உருட்டிருங்க. மேக்கால இருக்கறத மட்டும் காட்டுவோம்."

"கேட்டாங்கன்னா?" என்றார் சன்னாசி.

"வேரு அழுகிருச்சுன்னு சொல்றேன்."

மங்களம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நினைத்து அவள் அப்புறம் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்முன் நின்றது பழனியப்பனின் மருந்து டின். அதன் வார் தோளில் அழுந்தும் இடம் இப்போதே வலித்தது. அவளும் குனிந்து சாவியை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள்.

*

ஒன்றரைப் பாத்திதான் பிடுங்கியிருப்பார்கள். ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்பதுகூட ஆகவில்லை.

சூங்குக்கு அறுபது வயசு இருக்கும். குட்டையான, கைகால் பருத்த மனுஷி. அவளை எல்லாரும் ஆசோ என்றுதான் கூப்பிடுவார்கள். சீனர் வீட்டில் அண்ணியைக் கூப்பிடும் சொல் அது. பழைய வேன் ஒன்றை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். விரதக்காரர்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டைக்கு மூன்று நாள் முன்னாலேயே மாறியிருந்தாள். அவளும் நம் ஆட்களும் பேசிக்கொண்டது பாசார் மலாயில். அதை உங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

இறங்கியதும் பிடுங்கிக் கிடந்த குவியலைத்தான் பார்த்தாள். என்ன ஆயிற்று என்றாள். வேர் அழுகல் என்றாள் நவமணி. ஆசோ தலையை ஆட்டிக்கொண்டாள். மழைக்காலம், என்ன செய்வது.

நவமணிக்கு மூச்சு வந்தது.

மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். வெண்டை, பீர்க்கு, கங்கோங் என்னும் தண்ணீர்க் கீரை, தரையோடு படர்ந்த கீரை. அதற்கு அப்பால் பயற்றங்காய் நீளமாக மூன்று வரிசை. கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஆர்டரில் பாதியே அந்தப் பயற்றங்காய்தான். ஓட்டை விழுந்த இலைகளைக் கண்டு ஆசோவுக்குச் சந்தோஷம். புழு தின்றதைத்தான் நான் நம்புவேன் என்றாள். சன்னாசி பக்கத்திலேயே நடந்துகொண்டு கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிடித்த புழுவை என்ன செய்வீர்கள் என்று ஆசோ கேட்டாள்.

சன்னாசி சட்டென்று கோழிக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கொல்லா விரதம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கோழிக்கு மட்டும் விரதம் கிடையாதா?" என்று ஆசோ சிரித்தாள். அது கோழி செய்யும் பாவம், கோழி பார்த்துக்கொள்ளும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மங்களமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிழக்குப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது ஆசோ மாதிரிக் கூடையைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவளுடைய மாமியாருக்கு எண்பத்தோரு வயசு. எதை வைத்தாலும் தள்ளிவிடும் கிழவி. அந்தக் கீரையை மட்டும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாளாம். நேற்றுக் காலையில் எழுந்ததும் அதே கீரை வேண்டும் என்றாளாம். அதனால்தான் பத்து மணி வரை பொறுக்காமல் வந்துவிட்டேன், அது எந்தப் பாத்தி என்று ஆசோ கேட்டாள்.



ஆசோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிடுங்காமல் நின்ற கிழக்குப் பாத்திக்கு அவளே வந்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து, கருகாத கொழுந்து இலை ஒன்றைக் கிள்ளினாள். சட்டையில் ஒரு தரம் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

மங்களம் எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஆசோவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஜாங்கான்" என்றாள். வேண்டாம். "ராச்சுன்."

விஷம் என்ற அந்தச் சொல்லை மங்களம் முதன்முதலில் கற்றது மருந்து ஸ்டோரில். அதை இந்த மண்ணில் சொல்ல வேண்டி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

நவமணி "அம்மா" என்றாள். 

மங்களம் எல்லாவற்றையும் சொன்னாள். பீப்பாய் வந்த இடத்தை, சிவப்புப் பட்டையை, நீலப் பெயிண்டை, கருகிய இலையை. கருகியது எதனால் என்று தெரியாது என்பதையும் சொன்னாள். வேர் அழுகல் என்று சொன்னது பொய் என்று சொன்னாள். கூடைக்குப் பறித்தது இந்தப் பாத்தியில்தான், பறித்த கை என்னுடையது என்று தன் கையைக் காட்டினாள். மலாய் போதாத இடத்தில் தமிழ் வந்தது. ஆசோ அதையும் கேட்டாள்.

*

 கையில் இருந்த இலையை ஆசோ கீழே போடவில்லை, வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாமியாரைப் பற்றித்தான் முதலில் பேசினாள். இன்று காலை கிழவி என்னை இரண்டு தரம் திட்டினாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றாள். ஆனாலும் போகிற வழியில் டாக்டரிடம் கூட்டிப்போவேன் என்றாள். நவமணியிடம் ஒரு போத்தல் கேட்டு, பீப்பாய்த் தண்ணீரை அதில் ஊற்றி வாங்கிக்கொண்டாள். அவள் தங்கை மகன் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறானாம். பதில் வரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் விரதமே முடிந்துவிடும்.

பிறகு சன்னாசியின் பக்கம் திரும்பினாள்.

"ஊற்றியது நீதானே. எங்கே ஊற்றினாய் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். காட்டு."

பயற்றங்கொடிக்கு ஊன்ற வெட்டி வைத்த குச்சிக் கட்டு ஒன்று அங்கே கிடந்தது. அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஒரு குச்சி ஊன்று என்றாள். குச்சி ஊன்றாத இடத்துக் காயை என் கோயிலில் வருகிற ஜனம் தின்னும், யோசித்து ஊன்று என்றாள்.

சன்னாசி கட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். கிழக்கில் முதல் பாத்தி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கு குச்சியும் சட்சட்டென்று இறங்கின. அங்கேயே நின்றுவிடுவார் என்று நவமணி நினைத்தாள். அவர் நிற்கவில்லை. மேற்கே திரும்பி, கங்கோங் ஓரத்தில் யோசித்து ஒரு குச்சி ஊன்றினார். வாளியில் மிச்சம் இருந்ததை அங்கே கொட்டியதாகச் சொன்னார். மிளகாய்ச் செடிக்கு ஒன்று. வாழைக்கு ஒன்று.

ஒவ்வொரு குச்சி இறங்கும்போதும் நவமணி வாய்க்குள் எண்ணினாள். ஐம்பது கிலோ, நாற்பத்தைந்து, நாற்பது.

பயற்றங்காய் வரிசைக்கு வந்ததும் சன்னாசி நின்றுவிட்டார்.

குச்சியைக் கையில் பிடித்தபடியே மூன்று வரிசையையும் மேலும் கீழும் பார்த்தார். இங்கே ஊற்றினோமா இல்லையா என்று நினைவு வராமல் இரண்டடி போனார், திரும்பி வந்தார். வெயில் ஏறிவிட்டது. படிய வாரிய தலையிலிருந்து எண்ணெயும் வேர்வையுமாக நெற்றியில் வழிந்தது.

நவமணி அவர் பக்கத்தில் போனாள். ஆசோவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ப்பா, நல்லா யோசிச்சுக்குங்க. நிச்சயமா தெரியலன்னா குச்சி வேணாம்லா."

அவள் கெட்டவள் இல்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். பாதி ஆர்டர் அந்த ஒரு குச்சியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அம்மா என்ன பதில் சொல்லப் போகிறாள் என்பதும் அதில்தான் நின்றது. அம்மாவின் நகங்கள் விழுந்ததைச் சின்னப் பிள்ளையில் பார்த்தவள் அவள். அம்மாவுக்காகத்தான் சொன்னாள்.

மங்களத்துக்குக் கேட்டுவிட்டது.

"நிச்சயமா தெரியலன்னாதான் குச்சி" என்றாள்.

சன்னாசி மனைவியைப் பார்த்தார். காலையில் பெயிண்டைப் பற்றிக் கேட்ட பிறகு இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்க்கிறார். நடு வரிசையின் தலைமாட்டில் குச்சியை ஊன்றினார். அது சரியாக இறங்கவில்லை. கல்லை எடுத்துத் தட்டி இறக்கினார். பிறகு மற்ற இரண்டு வரிசைக்கும் ஊன்றினார்.

ஆசோ தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குச்சி இல்லாத பாத்திகளின் மேல் அவள் கண் நின்று நின்று போனது. வெண்டை இருந்தது. பீர்க்கு இருந்தது. கீரை இரண்டு பாத்தி, முக்கால் கங்கோங்.

"மூன்று நாளைக்கு வரும்" என்றாள். அந்த மூன்று நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மிச்ச ஆறு நாளும் தவ்ஹு என்ற சோயாக் கட்டியைச் சமைப்பாளாம். ஜனங்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று நாளும் காய் ஏற்றிக்கொண்டு வரும் வேனிலேயே மங்களம் வர வேண்டும். சமைத்த முதல் தட்டைச் சமையற்காரர்கள் முன்னால் உட்கார்ந்து அவள்தான் சாப்பிட வேண்டும்.

"முதல் தட்டு எனக்கா?" என்று மங்களம் கேட்டாள்.

"உன் கையைத்தான் நம்புகிறேன். சமைக்கிறவர்கள் உன் வாயையும் பார்க்கட்டும்" என்றாள் ஆசோ.

அது திட்டா, பாராட்டா என்று மங்களத்துக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று நாள். ஒன்பது இல்லை, ஆனால் மூன்று. மூன்று நாள் ஒழுங்காகப் போனால் வருஷத்தைப் பற்றிப் பேசலாம் என்றும் ஆசோ இப்போது தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பழனியப்பன் வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் தம்பி என்று சொல்லிவிடலாம். காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த தோள்பட்டை கொஞ்சம் இளகியது. நவமணி அம்மாவின் விரல்களைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு, குச்சி இல்லாத கீரைப் பாத்தியில் குனிந்து, கிழவிக்கு என்று ஒரு கட்டுப் பறித்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

ஆசோ கீரைக் கட்டை முன் ஸீட்டில் வைத்தாள். போத்தலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரு காலைத் தூக்கி வேனுக்குள் வைத்தாள்.

சன்னாசி பயற்றங்காய் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். மிஞ்சிய குச்சிக் கட்டு இன்னும் அவர் கையில் இருந்தது.

"இன்னொன்னு இருக்கு" என்றார்.

"ஆசோ போகட்டும்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் நவமணி வேகமாக.

சன்னாசி மகளைப் பார்க்கவில்லை. யாரும் இடையில் புகுந்து மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்றோ என்னவோ, தனக்குத் தெரிந்த மலாயில் ஆசோவைப் பார்த்தே நேராகச் சொன்னார்.

பீப்பாயை மூன்று தரம் கழுவினேன் என்று காலையில் இவர்களிடம் சொன்னேன், கழுவியது வீட்டில் இல்லை. மேலே, ஓடை மடையில். மேற்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் திரும்புகிற இடம் அது. இரண்டு மாசம் ஆகிறது. எத்தனையோ மழை பெய்து அடித்துக்கொண்டு போயிருக்கும். போயிருக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"தெரியாததுக்குத்தான் குச்சின்னா, எத்தன குச்சி ஊனறதுன்னு எனக்குத் தெரியல மங்களம்" என்று கடைசியாக மட்டும் தமிழில் சொன்னார்.

மங்களம் வேன் பக்கத்திலிருந்து நடந்து போனாள். பயற்றங்காய் வரிசைக்குள் புகுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையில் இருந்த குச்சிக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே வைத்த காலை எடுத்து ஆசோ மறுபடியும் மண்ணில் ஊன்றினாள். வேன் கதவைச் சாத்தினாள்.

"அந்த மடையைக் காட்டு" என்றாள்.